மேற்கே திரும்பிய குழாய்கள்: தெல்லிப்பழையின் தொலைக்காட்சி அலைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடவிளிம்பில், காங்கேசன்துறைக்கும் மல்லாகத்துக்கும் இடையே, சுண்ணக்கற் படுகையின் மேல் படிந்த செம்மண்ணில் அமைந்திருக்கும் தெல்லிப்பழை, கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர்களே உயர்ந்த சமதரையாகும். அம்பனை, வீமன்காமம், கட்டுவன், கொல்லங்கலட்டி என அதைச் சூழ்ந்த இடங்களிலும் குன்று என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. பார்வையை மறிப்பவை பனைகள் மட்டுமே. மலை மறைக்காத இந்த வெளியும், வடக்கே நடை தூரத்தில் கிடக்கும் கடலும், அக்கடலுக்கு அப்பாலுள்ள தமிழ்நாட்டுக் கரையும் சேர்ந்தே இவ்வூரின் தொலைக்காட்சி வரலாற்றை வகுத்தன. காங்கேசன்துறையிலிருந்து கோடிக்கரை நேர்கோட்டில் ஏறத்தாழ 55 கிலோமீற்றர். கொழும்போ தெல்லிப்பழையிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் அப்பால். அரசியல் எல்லை எதுவாயினும் வானலைகளைப் பொறுத்தவரை இவ்வூர் இரண்டு நாடுகளின் ஓரத்தில் இருந்தது. இரண்டின் ஒளிபரப்பும் அதற்கு ஒழுங்காக எட்டியதில்லை.

வானொலிக் காலத்தில் இந்தத் தூரம் பெரிதாகத் தெரியவில்லை. 1939 இல் தொடங்கிய திருச்சிராப்பள்ளி வானொலி குடாநாட்டு வீடுகளில் கேட்டது. பின்னர் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளில் கேட்டது. மத்திய அலை எனப்படும் நீளங்கூடிய வானொலி அலைகள் நிலத்தை ஒட்டியே வளைந்து செல்லும் இயல்புடையவை. உப்புநீர் மின்னை நன்கு கடத்துவதால், கடலின் மேற்பரப்பில் அவை தரையிற் செல்வதைவிடக் குறைவாகவே நலிவடையும். எனவே பாக்கு நீரிணை வானொலிக்குத் தடையாக இராமல் பாதையாகவே இருந்தது. தொலைக்காட்சி அத்தகையதன்று. படத்தைச் சுமக்கும் அலைகளின் மீடிறன், அதாவது ஒரு செக்கனில் அவை அதிரும் எண்ணிக்கை, மத்திய அலையினதைப் போல ஐம்பது, நூறு மடங்கும் அதற்கு மேலும் ஆகும். அவை ஏறக்குறைய ஒளியைப் போல நேராகவே செல்ல விரும்புவதால், புவியின் வளைவு அவற்றுக்கு ஓர் அடிவானத்தை விதித்துவிடுகிறது.

அந்த அடிவானத்தைக் கணிக்க எளிய வழியொன்று உண்டு. கோபுரத்தின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆற் பெருக்கினால், சாதாரண வளிமண்டலத்தில் அலை நேராக எட்டும் தூரம் கிலோமீற்றரிற் கிடைக்கும்; வாங்கும் பக்கத்து உயரத்துக்கும் அவ்வாறே கணித்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். வீட்டுக் கூரைக்கு மேல் 10 மீற்றர் உயரத்தில் நிற்கும் அன்ரனாவின் பங்கு 13 கிலோமீற்றர். அதைத் தாங்கும் குழாயை இரட்டித்து 20 மீற்றராக்கினால் அது 18 ஆகும். உயரத்தை இருமடங்காக்க அயலவர்களெல்லாம் திரண்டு பாடுபட்டாலும் எட்டும் தூரம் ஐந்து கிலோமீற்றரே கூடும் என்ற இந்தக் கணக்கு எவருக்கும் உவப்பானதன்று. ஆயினும் அடிவானத்துக்கு அப்பால் கசிந்து வரும் மெல்லிய அலையைப் பொறுத்தவரை ஒவ்வொரு மீற்றரும் பயன் தந்தது. பனை மட்டைகளுக்கு மேலே அன்ரனாவை உயர்த்துவதும் தனியாக வேண்டியிருந்தது. குழாயோடு குழாய் பொருத்தி, நான்கு புறமும் கம்பி இழுத்துக் கட்டிய கம்பங்கள் குடாநாட்டின் கூரைகளுக்கு மேலே எழுந்ததற்கு இதுவே காரணம். அவற்றை வெறும் பகட்டு எனக் கருதியவர்கள் கணக்கில் பாதியை மட்டுமே பார்த்தவர்கள்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஓகஸ்ட் 15 இல் ஒளிபரப்பைத் தொடங்கியபோது இலங்கையில் தொலைக்காட்சியே இல்லை. சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13 இல் கொழும்புப் பகுதிக்கென வந்தது. ஜப்பானின் நன்கொடையுடன் உருவான ரூபவாகினி 1982 பெப்ரவரி 15 இல் நாடு தழுவிய சேவையாகத் தொடங்கியது. ரூபவாகினியின் தலைமைப் பரப்பி 2524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை மலையில் நின்றது. மேற்கண்ட கணக்கின்படி அந்த உச்சியின் அடிவானம் ஏறத்தாழ 207 கிலோமீற்றர். தெல்லிப்பழையோ அங்கிருந்து ஏறத்தாழ 320 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. இலங்கையின் மிக உயர்ந்த மலையாலும் இலங்கையின் வட முனையைக் காண முடியவில்லை. எனவே வடக்குக்கென வன்னியில், மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே கண்டி வீதியோரக் கொக்காவிலில், ஓர் அஞ்சல் நிலையம் தேவைப்பட்டது. அஞ்சல் நிலையம் என்பது தலைமை நிலையத்தின் அலையை வாங்கி, வேறொரு அலைவரிசையில் மீண்டும் பரப்பும் நிலையம். கொக்காவில் தெல்லிப்பழைக்குத் தென்கிழக்கே 75 கிலோமீற்றர் அளவில் இருப்பதால், தேசியத் தொலைக்காட்சியைப் பார்க்க விரும்பியவரின் அன்ரனா அந்தத் திசையை நோக்கியது.

ஆனால் ஊரின் ஆவல் அந்தத் திசையில் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலையின் 'ஒலியும் ஒளியும்' என்ற திரைப்பாடல் நிகழ்ச்சியும் வார இறுதித் தமிழ்த் திரைப்படமும் சென்னையிலிருந்து வந்தன. சிங்களமே மிகுந்த ரூபவாகினியில் தமிழுக்குக் கிடைத்த நேரம் குறைவு. எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையில் உயர்வலுப் பரப்பியொன்று இயங்கத் தொடங்கியதும், தொண்ணூறுகளில் இராமேசுவரத்தில் 323 மீற்றர் உயரக் கோபுரம் எழுந்ததும் இந்த நாட்டத்தை வலுப்படுத்தின. இங்கு ஒரு திசைக் குழப்பத்தைத் தெளிவாக்குவது நல்லது. பேச்சு வழக்கில் இந்தியா என்பது 'வடக்கே' இருக்கும் நாடு. சென்னையைப் பொறுத்தவரை அது சரியும் ஆகும். கொடைக்கானலோ தெல்லிப்பழையிலிருந்து ஏறத்தாழ நேர் மேற்கே, சற்றே வடக்குச் சாய்வாக, 280 கிலோமீற்றர் அளவில் உள்ளது. இராமேசுவரம் தென்மேற்கே நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் உள்ளது. இந்தியப் படத்துக்காகக் காங்கேசன்துறைக் கடலை நோக்கி அன்ரனாவை வைத்தவர் சென்னையை மட்டுமே தேடியவராவார்; பிற்காலத்தில் குழாய்கள் கீரிமலைக்கும் அப்பால், பொழுது சாயும் பக்கமாகத் திரும்பின.

கொடைக்கானலின் அலை வந்து சேர்ந்ததே ஒரு வியப்பு. கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் நிற்கும் அப்பரப்பியின் அடிவானம் 200 கிலோமீற்றருக்கு அண்மையில் முடிவதால், கணக்கு தெல்லிப்பழையை அதன் எல்லைக்கு வெளியே நிறுத்துகிறது. பிதுருதலாகலைக்கும் ஊருக்கும் இடையிலுள்ள தூரத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு நாற்பது கிலோமீற்றரே. ஆனால் ஒன்றின் பாதை மலைநாட்டின் சரிவுகளையும் வன்னிக் காட்டையும் கடந்து வந்தது, மற்றையதன் பாதை மதுரைச் சமவெளியைத் தாண்டியபின் இறுதி மூன்றிலொரு பங்கில் பாக்கு நீரிணையின் மேலாக வந்தது. அந்த இறுதிப் பங்கே வேறுபாட்டைச் செய்தது. காற்று அடங்கிய வெப்பமான மாதங்களில், கடலின் மேற்பரப்பை ஒட்டிய குளிர்ந்த ஈரக் காற்றின் மேல் நிலத்திலிருந்து வரும் சூடான உலர் காற்று படியும்போது, உயரே போகப் போகக் குளிர வேண்டிய வளி சற்று உயரம்வரை சூடாகிச் செல்கிறது. புவியியலார் வெப்பநிலை நேர்மாறல் என்று கூறும் இந்நிலையில், இரண்டு வளிப்படைகளுக்கும் இடையே அலை முறிந்து கீழே வளைந்து, ஒரு குழாய்க்குள் செல்வதுபோல் அடிவானத்தைத் தாண்டி ஓடுகிறது. இது வளிமண்டலத்தின் கீழ்ப்படையான மாறன் மண்டலத்தில் நிகழ்வது. சிற்றலை வானொலிக்கு உதவும் அயன் மண்டலத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இதன் விளைவாகத் தொலைக்காட்சிப் பெட்டி ஒரு வானிலைக் கருவியாகவும் ஆயிற்று. குடாநாட்டார் காற்றுகளை வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனத் திசையாற் பெயரிட்டு அறிபவர்கள். சோளகம் பலமாக வீசி வளிப்படைகளைக் கலக்கும் நாட்களில் தூரப்படம் நலிந்தது. இரண்டு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட அமைதியில், இரவிலும் விடியற்காலையிலும், அது துலங்கியது. பகலெல்லாம் மணல் தூவியதுபோல் இருந்த திரையில் முன்னிரவில் முகங்கள் தெளிவதும், அன்ரனாவை எவரும் தொடாதபோதே அவை மீண்டும் மறைவதும் பழுதல்ல, வளியின் நடத்தை என்பதை மக்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

அன்ரனாவின் அமைப்பும் அறியத்தக்கது. கூரைகளில் நின்றவை பெரும்பாலும் யாகி-உதா வகையைச் சேர்ந்தவை. ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் சின்தாரோ உதாவும் ஹிதெட்சுகு யாகியும் 1920களில் வகுத்த அமைப்பு அது. ஒரு நீண்ட தண்டில் குறுக்காகப் பொருத்தப்பட்ட அலுமினியக் குச்சிகளுள் ஒன்றே அலையை வாங்கி வயருக்குக் கொடுக்கிறது. அதன் பின்னாலுள்ள சற்று நீண்ட குச்சி அலையைத் தெறிக்கச் செய்து திருப்ப, முன்னாலுள்ள குறுகிய குச்சிகள் ஒரு திசையிலிருந்து வரும் அலையைத் திரட்டிக் கொடுக்கின்றன. வாங்கும் குச்சியின் நீளம் அலைநீளத்தின் பாதியளவாக இருக்க வேண்டும் என்பதால், 62 மெகாஹேட்ஸ் அளவிலான அலைக்கு அது 2.4 மீற்றரும், 500 மெகாஹேட்ஸ் அலைக்கு 30 சென்ரிமீற்றரும் ஆகிறது. ஓர் அன்ரனாவைக் கண்டதும் அது எந்தப் பட்டைக்குரியது என்று தொழில் அறிந்தவர் குச்சியின் நீளத்தைக் கொண்டே சொல்லிவிடுவார். நீண்ட குச்சியுள்ள அன்ரனாவில் உயர் மீடிறன் நிலையங்களைத் தேடி மணிக்கணக்காகக் குழாயைத் திருப்பியவர்களின் பழுது, பெரும்பாலும் திசையில் இருக்கவில்லை.

கடற்கரைக்கு அண்மையில் இருப்பதன் விலையை உலோகம் செலுத்தியது. உப்புக் காற்றில் அலுமினியமும் செம்பும் தொடும் இணைப்பு விரைவில் அரித்து, இடையே மின்னைக் கடத்தாத படலம் உருவாகும். பார்வைக்கு அன்ரனா முழுமையாகவே நிற்கும், படம் மட்டும் மாதத்துக்கு மாதம் மங்கும். பழைய காலத்தில் பயன்பட்ட 300 ஓம் தட்டை வயர், இரண்டு கம்பிகளுக்கிடையே பிளாத்திக்கு நாடா கொண்டது. உலர்ந்திருக்கும்போது அது மிகக் குறைந்த இழப்புடன் அலையைக் கொண்டுவந்தது; உப்பு படிந்து பனியில் நனைந்தால் அலையின் ஒரு பகுதியை அந்த ஈரமே தின்றுவிட்டது. பின்னர் வந்த 75 ஓம் வட்ட வயர், உள்ளே செம்புக் கம்பியும் அதைச் சூழப் பின்னிய உறையும் கொண்டதால் ஈரத்தைத் தாங்கியது; ஆனால் முனையில் நீர் புகுந்தால் அந்தப் பின்னலினூடாக மீற்றர் கணக்கில் ஊறி இறங்கியது. பூஸ்டர் எனப்பட்ட விரியலாக்கியைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. அதனைப் பெட்டிக்குப் பக்கத்தில் பொருத்தியவர்கள், நீண்ட வயரில் நலிந்து வந்த அலையையும் அதனோடு கலந்த இரைச்சலையும் ஒருங்கே பெருக்கினார்கள். அன்ரனாவின் அருகே, குழாயின் உச்சியில் பொருத்தும்போதே, இழப்பு நிகழும் முன் அலை வலுப்பெறுகிறது. அரித்த இணைப்பை மாற்றாமல் பூஸ்டர் வாங்கியவர்களின் பணம் வீணாயிற்று என்பதே பொதுவான முடிவு.

தெளிவற்ற படம் என்பது ஒரே குறையன்று. அது பல குறைகளின் வெவ்வேறு கையெழுத்து. திரை முழுவதும் சீராகப் புள்ளி விழுந்தால் அலை போதவில்லை. நிறம் போய்க் கறுப்பு வெள்ளை மட்டும் நின்றால், நிறத்தை ஒழுங்குபடுத்தும் குறிப்பலையைப் பெட்டி இனங்காணுமளவு வலு இல்லை. பெட்டி நிறத்தைத் தானே அடைத்துவிட்டது. ஓர் உருவத்தின் வலப்பக்கத்தில் அதன் மங்கிய நிழல் விழுந்தால், நீர்த்தாங்கி போன்ற ஏதோ ஒன்றில் தெறித்த அலை சிறிது பிந்தி வந்து சேர்கிறது. படத்தின் மேல் கிடையான பட்டிகள் ஓடினால், ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தும் இரண்டு நிலையங்கள் மோதுகின்றன. மேலே கூறிய வளிக் குழாய் தெல்லிப்பழைக்கு அளித்த நன்மைக்கு இது உடன்வந்த தீமை, ஏனெனில் இந்தியாவின் அலைவரிசைப் பங்கீடும் இலங்கையின் பங்கீடும் இயல்பான அடிவானத்தையே மனத்திற் கொண்டு வகுக்கப்பட்டவை. வெள்ளைக் கீற்றுகள் தாளம் தவறாமல் வெடித்துச் சென்றால் காரணம் வானில் இராது, அயற்காணியின் வெங்காயத் தறையில் இருக்கும்: மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தின் பிளக் எழுப்பும் ஒவ்வொரு பொறியும் ஒரு சிறிய ஒலிபரப்பே. கிணற்றுப் பாசனத்தில் வாழும் ஊரில் இந்தக் குறைக்குத் தீர்வு, இறைப்பு முடியும்வரை காத்திருப்பதுதான்.

இவ்வாறு திரையைப் பார்த்தே குறையைப் படிக்கும் அறிவு, எங்கும் எழுதப்படாத ஒரு கைத்தொழிலாக வளர்ந்தது. குழாயடியில் ஒருவரும் யன்னலருகே ஒருவரும் நின்று திருப்புவதும் நிறுத்துவதும், பாகை கணக்கில் திசையைத் தேடுவதும் அதன் செயல்முறை. குறைந்த படமும் படமே என்பது அதன் அடிப்படை; பாதி தெரியும் படம்தான் மீதியை எங்கே தேடுவது என்று சொன்னது.

போர் இந்த அறிவின் மேல் நேரடியாக விழுந்தது. 1987 இல் விடுதலைப் புலிகளின் 'நிதர்சனம்' யாழ்ப்பாணத்திலிருந்தே ஒளிபரப்பாகி, அதே ஆண்டு ஒக்ரோபரில் இந்திய அமைதிப் படையுடன் மோதல் மூண்டதோடு நின்றது. 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியதும் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் அற்றுப்போனது. 1990 யூலை 11 இல் கொக்காவில் இராணுவ முகாம் வீழ்ந்து அங்கிருந்த ரூபவாகினிக் கோபுரமும் அழிந்தது. ஒரே கோடையில் மின்சாரமும் தென்கிழக்குத் திசையும் இல்லாமற் போயின. எரிபொருளும் உலர்மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருட்களாக இருந்த ஆண்டுகளில், துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்களுக்குத் தொலைக்காட்சி அரிய பொருளாயிற்று. பெட்டியையும் 'டெக்' எனப்பட்ட வீடியோக் கருவியையும் ஜெனறேற்றரையும் வாடகைக்கு எடுத்து இரவிரவாகப் படம் ஓட்டுவது அதன் இடத்தைப் பிடித்தது. அந்த ஏற்பாட்டில் அன்ரனாவுக்கு வேலையே இல்லை.

தெல்லிப்பழைக்கு நேர்ந்தது இதனினும் கடுமையானது. பலாலிப் படைத்தளத்தைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கில் அதன் கணிசமான பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டதால், 1990 முதல் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009 இற்குப் பின்னர்தான் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. அழிந்த வீடுகளோடு குழாய்களும் போயின. குடாநாட்டின் பிற பகுதிகளில் அன்ரனாவிலிருந்து செய்மதித் தட்டுக்கும் கேபிளுக்கும் மாற்றம் படிப்படியாக நிகழ்ந்தது. 1993 இல் சன் தொலைக்காட்சி தொடங்கியபின் தமிழ்நாட்டுப் படங்களைப் பெறக் கடலையும் காற்றையும் நம்ப வேண்டிய தேவை குறைந்தது. வலிகாமம் வடக்கில் இம்மாற்றம் ஓர் இடைவெளியைத் தாண்டியே நிகழ்ந்தது: 1990 இல் அன்ரனாவை விட்டுச் சென்ற பலர் திரும்பி வந்தபோது நேராகத் தட்டையே பொருத்தினர்.

கொக்காவிலில் 174 மீற்றர் உயரப் புதிய கோபுரம் 2011 யூன் 6 இல் திறந்துவைக்கப்பட்டது. கணக்கின்படி அதன் அடிவானம் 54 கிலோமீற்றர். 10 மீற்றர் அன்ரனாவின் 13 ஐச் சேர்த்தாலும் 67. தெல்லிப்பழை இன்னும் சற்று அப்பால், அலை அடிவானத்தின் விளிம்பில் கோணலடைந்து வளைந்து இறங்கும் நிழற் பகுதியில் இருக்கிறது. இத்தகைய இடத்திலேயே டிஜிட்டல் ஒளிபரப்பு பற்றிய கேள்வி கூர்மை பெறுகிறது.

தரைவழி டிஜிட்டல் தொலைக்காட்சி என்பது செய்மதியின் துணையின்றி, கோபுரத்திலிருந்தே, படத்தை எண்களாக மாற்றிப் பரப்பும் முறை. இலங்கை 2014 இல் இதற்கு ஜப்பானிய முறையைத் தெரிந்தெடுத்து ஜப்பானின் கடனுதவிக்கும் உடன்பட்டது. திட்டம் ஆண்டுக்கணக்கில் பிந்தியது, 2022 இன் பொருளாதார நெருக்கடி அதனை மேலும் தள்ளியது. கடலுக்கு அப்பால், இந்திய அரசுத் தொலைக்காட்சியான தூர்தர்சன் 2016 இல் சென்னை உட்படப் பதினாறு நகரங்களில் தரைவழி டிஜிட்டலைத் தொடங்கியது. 2022 மார்ச்சுக்குள், ஏறத்தாழ ஐம்பது பரப்பிகள் நீங்கலாக, தன் பழைய பரப்பிகளை மூடிவிட்டது. மேற்கு நோக்கிய குழாய்களின் காலம் அத்தோடு பெரும்பாலும் முடிந்தது.

ஜப்பானிய முறையில் தெல்லிப்பழைக்கு இசைந்த கூறுகள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தரவுகளை வந்த ஒழுங்கிலேயே அனுப்பாமல் நேரத்திற் கலைத்து அனுப்பி, வாங்கியபின் மீண்டும் அடுக்குவதால், நீரிறைக்கும் இயந்திரத்தின் ஒரு பொறி அழிப்பவை சிதறிய சில எண்களாகவே இருக்கும்; அவற்றைத் திருத்தற் குறியீடு மீட்டுவிடும். ஒவ்வொரு குறியீட்டுக்கும் முன்னே விடப்படும் காப்பு இடைவெளி, தெறித்துப் பிந்தி வரும் அலையைப் பொறுத்துக்கொள்வதால் படத்தில் விழும் நிழலும் மறையும். ஆனால் தூரத்து நிலையமொன்று வளிக் குழாய் வழியாக வந்து அதே அலைவரிசையில் விழுந்தால், அது டிஜிட்டலுக்கு வெறும் இரைச்சல். பட்டி ஓடும் படம் கிடைக்காது, படமே நின்றுவிடும். அலையின் வலு ஓர் எல்லைவரை குறையும்போது திரையில் எந்த மாற்றமும் தெரியாது. எல்லையைக் கடந்ததும் படம் சதுரங்களாகச் சிதறி உறைந்து கறுத்துவிடும். இணைப்பு அரிக்கிறது, வயரில் நீர் ஊறுகிறது, காற்று மாறுகிறது என்பதை மாதக்கணக்கில் முன்கூட்டி அறிவித்த மங்கலான படம் அங்கே இல்லை.

அதன் இடத்தைப் பெட்டியின் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு அளவுகள் எடுத்துக்கொள்கின்றன: வலு, தரம். வலு மிகுந்தும் தரம் குறைந்தும் காட்டினால் பூஸ்டர் தேவைக்கு மேல் பெருக்குகிறது, அல்லது இன்னொரு நிலையம் குறுக்கிடுகிறது. இரண்டும் ஒருங்கே தாழ்ந்தால் இணைப்பையும் வயரையும் திசையையும் அந்த ஒழுங்கிலேயே பார்க்க வேண்டும். இரவில் ஏறிப் பகலில் இறங்கினால் குழாயைத் தொடவே கூடாது. யன்னலருகே நின்றவர் கண்ணால் செய்த வேலையை இப்போது எண்ணால் செய்ய வேண்டும். குழாயைத் திருப்புபவரும் முன்னைவிட மெதுவாகத் திருப்ப வேண்டியிருக்கும், ஏனெனில் டிஜிட்டல் பெட்டி அலையை இனங்கண்டு படத்தைக் கொண்டுவரச் சில செக்கன்கள் எடுக்கும். விரைந்து திருப்புபவர் சரியான திசையைக் கடந்து போய்விடுவார்.